211: லேபிளில் இல்லாத கணக்கு

காலையில் பள்ளி வேன் வருவதற்குள் இரண்டு தோசை, தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸ். மதியம் டிபன் பாக்ஸில் தயிர் சாதம், ஓரத்தில் கடை ஊறுகாய். சாயங்காலம் பெட்டிக்கடையில் பத்து ரூபாய் குளிர்பானம். விருந்தாளி வந்ததால் வீட்டில் கலக்கிய திராட்சை ஸ்குவாஷ் ஒரு டம்ளர். ராத்திரி அப்பா வாங்கி வந்த ஃப்ரைடு ரைஸ், கூடவே ரப்பர்பேண்டு போட்ட சாஸ் பாக்கெட். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஒரு யு.கே.ஜி. பிள்ளையின் நாள் இப்படித்தான் போகிறது. இதில் விசேஷமாக எதையும் அது தின்றுவிடவில்லை.

இந்தப் பாட்டில்களையும் பாக்கெட்டுகளையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், பலவற்றில் ஒரே எண் வரும்: ஐ.என்.எஸ். 211. 'அனுமதிக்கப்பட்ட இரண்டாம் வகைப் பதப்பொருள் சேர்க்கப்பட்டது' என்ற வரியை ஒட்டி அந்த எண் நிற்கும். அதன் பெயர் சோடியம் பென்சோயேட். உலகில் மிக அதிகமாகப் பயன்படும் உணவுப் பதப்பொருள்களில் இதுவும் ஒன்று. இதன் உறவுக்காரர்களும் லேபிளில் வருவதுண்டு: 210 என்றால் பென்சாயிக் அமிலம், 212 பொட்டாசியம் உப்பு, 213 கால்சியம் உப்பு. உடம்புக்குள் போனபின் நான்கும் ஒன்றுதான்.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பாட்டிலும் சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருக்கலாம். எல்லாம் ஒரே நாளில் ஒரே சின்ன வயிற்றில் சேரும்போது மொத்தம் எவ்வளவு? பெற்றவர்களைக் கேட்டால் தெரியாது. குழந்தை மருத்துவரைக் கேட்டாலும் தெரியாது. லேபிளில் எண் இருக்கிறது, அளவு இல்லை. சோடியம் பென்சோயேட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் பயமுறுத்தல்களையும், 'அரசே அனுமதித்ததுதானே' என்ற சமாதானத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், நாம் பேசவேண்டிய விஷயம் இந்த அளவுதான்.

சாம்பிராணிப் பிசினும் வெள்ளைப் பொடியும்

பென்சாயிக் அமிலம் இயற்கையிலேயே உள்ள பொருள். சுமத்ராவின் ஸ்டைராக்ஸ் மரப்பட்டையைக் கீறினால் வடிகிற பிசின்தான் தணலில் தூவினால் புகையும் சாம்பிராணி. அந்தப் பிசினைச் சூடாக்கி, ஆவியாகி மேலே படிகிற வெள்ளைப் படிகங்களை ஐரோப்பியர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். இலவங்கப்பட்டையிலும், உலர்ந்த பிளம்ஸ் பழத்திலும், கிரான்பெர்ரியிலும் அது இருக்கிறது. உறைந்த தயிரில்கூடச் சிறிதளவு உண்டாகிறது. இன்று தொழிற்சாலைகளில் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனிலிருந்து பென்சாயிக் அமிலத்தைத் தயாரிக்கிறார்கள். அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் காஸ்டிக் சோடாவுடன் சேர்த்து உப்பாக மாற்றுகிறார்கள். அதுதான் கிலோ கணக்கில் விற்பனைக்கு வரும் வெள்ளைப் பொடி.

இந்தப் பொடி புளிப்பில்தான் வேலை செய்யும். புளிப்புள்ள பண்டத்தில் கலந்ததும் அது மறுபடி அமிலமாக மாறி, பூஞ்சை, ஈஸ்ட் செல்களின் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது. உள்ளே போனதும் செல்லின் அமிலச் சமநிலையைக் குலைக்கிறது. வந்த அமிலத்தை வெளியேற்றவே தன் சக்தியையெல்லாம் செலவழித்து, அந்தக் கிருமி வளரமுடியாமல் நின்றுபோகிறது. பி.எச். அளவு 4.5-க்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். ஊறுகாய், சாஸ், ஜாம், ஸ்குவாஷ், சோடா எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். பாலில் போட்டாலோ, சமைத்த கூட்டில் போட்டாலோ ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை. 'கெடாமல் இருக்கட்டும்' என்று எதிலும் ஒரு சிட்டிகை தூவுகிறவர்கள், கெடுவதைத் தடுக்காமலே ஒரு ரசாயனத்தை மட்டும் சேர்க்கிறார்கள்.

ஸ்குவாஷ் போடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். எலுமிச்சை, ஆரஞ்சு, மாம்பழம் என்றால் 'கே.எம்.எஸ்.' போடுவார்கள். அது சல்ஃபைட் வகை. திராட்சை, நாவல் போல அடர்நிறப் பழம் என்றால் அதைத் தொடமாட்டார்கள், நிறம் வெளுத்துவிடும். அங்கே பென்சோயேட்தான். பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துக் கேட்கும் கருஞ்சிவப்பு, ஊதாப் பானங்களில் 211 அதிகம் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாஷிங்டனில் ஒரு சாப்பாட்டு அறை

இந்தப் பொடி உடம்பை என்ன செய்யும் என்ற சண்டைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்க வேளாண் துறையின் ரசாயனப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஹார்வி வைலி. 1902-ஆம் ஆண்டுக் கடைசியில் தன் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சமையலறையும் சாப்பாட்டு அறையும் அமைத்தார். திடகாத்திரமான பன்னிரண்டு இளைஞர்களைச் சேர்த்து, மூன்று வேளையும் நல்ல சாப்பாடு போட்டு, கூடவே அக்கால உணவு வியாபாரிகள் தாராளமாகப் பயன்படுத்திய பதப்பொருள்களை அளந்து கொடுத்தார். முதலில் போராக்ஸ். பிறகு சாலிசிலிக் அமிலம், சல்ஃபைட், ஃபார்மால்டிஹைடு, பென்சாயிக் அமிலம். இளைஞர்களின் எடை, நாடி, சிறுநீர் எல்லாம் தினமும் குறிக்கப்பட்டன. பத்திரிகைகள் அவர்களுக்கு 'விஷப் படை' என்று பெயர் வைத்தன.

இன்றைய அறிவியல் அளவுகோலில் அந்தச் சோதனை தேறாது. பதப்பொருள் சாப்பிடாத ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் 1906 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் தூய உணவு, மருந்துச் சட்டம் கையெழுத்தாக வைலியின் இந்த உழைப்பு பெரிய காரணம். பென்சோயேட் உடல்நலத்துக்குக் கேடு, தடை செய்யவேண்டும் என்றார் வைலி. கெச்சப் தயாரிப்பாளர்கள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் போய் நின்றார்கள். 1908-ல் ரசாயன அறிஞர் ஐரா ரெம்சன் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. குழு தனியாக மனிதர்களிடம் சோதனை நடத்தி, உணவில் சேர்க்கும் சிறிய அளவில் பென்சோயேட் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை என்று சொன்னது. வைலி தோற்றார். 1912-ல் பதவியை விட்டு விலகினார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு.

ஒன்று, கெச்சப் கம்பெனிகள் ஏன் அப்படிப் போராடின என்பது. தக்காளியை டின்னில் அடைக்கும் ஆலைகளில் மிஞ்சிய தோல், நசுங்கல், பழுக்காத காய், அழுகத் தொடங்கியது எல்லாம் அன்று கெச்சப் ஆயின. அப்படிப்பட்ட சரக்கைப் பாட்டிலில் நிறுத்திவைக்கப் பென்சோயேட் வேண்டியிருந்தது. ஹைன்ஸ் கம்பெனி மாற்று வழி கண்டுபிடித்தது: நன்றாகப் பழுத்த நல்ல தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை, சுத்தமான ஆலை. பென்சோயேட் இல்லாமலே பாட்டில் கெடாமல் நின்றது. அதையே விளம்பரமும் செய்தார்கள். சர்க்கரை கூடியது தனிப் பிரச்சினை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பதப்பொருள் சில சமயம் நல்ல பண்டத்தைக் காக்கிறது, சில சமயம் மட்டமான பண்டத்துக்கு மறைப்பாகிறது என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். 1909 மார்ச்சில் பென்சோயேட்டுக்கு அனுமதி தந்த அமெரிக்க அரசு, அதற்கு ஒரு நிபந்தனை போட்டது. பென்சோயேட் இருக்கிறது என்பதையும், எவ்வளவு இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு பாட்டிலிலும் தெளிவாக அச்சிடவேண்டும். 'ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு பென்சோயேட் ஆஃப் சோடா' என்று அச்சிட்ட அக்காலக் கெச்சப் லேபிள்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் வாங்குகிறவருக்குக் கிடைத்த அந்தத் தகவல் இன்று நம் ஊர்ப் பாட்டிலில் இல்லை.

உள்ளே போனால் என்ன ஆகிறது

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பு பென்சோயேட்டைச் சேமித்து வைப்பதில்லை. குடல் அதை வேகமாக உறிஞ்சுகிறது. கல்லீரல் அதைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்துடன் இணைத்து ஹிப்பூரிக் அமிலமாக்குகிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே சிறுநீரில் போய்விடும். மனித உடலில் ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதை முதன்முதலாகக் காட்டிய சோதனைகளில் ஒன்றே பென்சாயிக் அமிலத்தை வைத்துத்தான், 1840-களில் நடந்தது.

இந்தக் குணத்தை மருத்துவம் பயன்படுத்திக்கொள்கிறது. பிறவிக் குறைபாட்டால் ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடும் யூரியா சுழற்சி நோயுள்ள குழந்தைகளுக்குச் சோடியம் பென்சோயேட்டே மருந்து. கிளைசினோடு சேர்ந்து நைட்ரஜனையும் அது வெளியே இழுத்துச் செல்வதால் அம்மோனியா இறங்குகிறது. உணவில் வருவதைவிடப் பல மடங்கு அளவு, மருத்துவர் கண்காணிப்பில், உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 மில்லிகிராம் என்று ஒரு நாளைக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். 'துளி பட்டாலே விஷம்' என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கவேண்டும்.

எதிர்ப்பக்க உண்மையும் இருக்கிறது. கிளைசினோடு இணைக்கும் இந்த வேலை எல்லோர் கல்லீரலிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. 1982-ல் அமெரிக்காவில் குறைமாதத்தில் பிறந்த பச்சைக் குழந்தைகள் சிலர் மூச்சுத் திணறி இறந்தது தெரியவந்தது. அவர்களின் ரத்தநாளங்களில் செருகிய குழாய்களைக் கழுவப் பயன்படுத்திய உப்புத் திரவத்தில் பென்சைல் ஆல்கஹால் என்ற பதப்பொருள் கலந்திருந்தது. உடலுக்குள் அது பென்சாயிக் அமிலமாக மாறும். முதிராத கல்லீரலால் அதை இணைத்து வெளியேற்ற முடியவில்லை. ரத்தம் அமிலமயமானது. அது உணவு வழியாக நடந்ததல்ல, அளவும் வேறு. ஆனால் பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும் ஒன்றைப் பச்சைக் குழந்தைக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு மருத்துவ உலகம் கொடுத்த விலை அது. பிஞ்சு வயதில் கல்லீரல் வேலை பழகிக்கொண்டிருக்கும்போது 'ஒரு வாய் ஜூஸ்தானே' என்று பாட்டில் பானத்தை ஊட்டவேண்டிய அவசியம் எந்த வீட்டிலும் இல்லை.

ஒரு நாள் கணக்கு

பாதுகாப்பான அளவு எது? வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் தீங்கில்லை என்று கருதப்படும் அளவை, ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் குழு, பல பத்தாண்டுகளாகப் பென்சோயேட்டுக்கு 5 மி.கி. என்று வைத்திருந்தது. எலிகளில் நடந்த புதிய ஆய்வுகளைப் பார்த்து 2021-ல் அதை 20 மி.கி. என்று உயர்த்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2016-ல் மறுபரிசீலனை செய்து 5 மி.கி. என்றே நிறுத்தியது. இரண்டுக்கும் நடுவே நான்கு மடங்கு வித்தியாசம். ஒரே பானத்தை விடாமல் குடிக்கும் சின்னக் குழந்தைகள் அந்த 5 மி.கி. வரம்பைத் தாண்டக்கூடும் என்பதையும், பெருமளவு சுவையூட்டிய பானங்களிலிருந்துதான் வருகிறது என்பதையும் ஐரோப்பிய ஆணையம் குறிப்பிட்டது.

இப்போது அந்த யு.கே.ஜி. பிள்ளையின் நாளைக் கூட்டிப் பார்ப்போம். இந்தியாவின் பழைய கலப்படத் தடுப்பு விதிகளில் வகுத்த உச்ச வரம்புகள்: தக்காளி சாஸுக்குப் பத்து லட்சத்தில் 750 பங்கு, ஸ்குவாஷுக்கு 600, ஊறுகாய்க்கு 250, அப்படியே குடிக்கும் பானத்துக்கு 120. தயாரிப்பாளர் உச்ச வரம்புவரை போட்டிருந்தால், காலைச் சாஸ் 20 கிராமில் 15 மி.கி. ஊறுகாய் 10 கிராமில் இரண்டரை மி.கி. கால் லிட்டர் குளிர்பானத்தில் 30. ஒரு டம்ளரில் ஊற்றும் 50 மில்லி ஸ்குவாஷில் இன்னொரு 30. ராத்திரிச் சாஸில் 15. மொத்தம் 92.5 மில்லிகிராம். பிள்ளையின் எடை 18 கிலோ என்றால் ஐரோப்பியக் கணக்கில் அதன் வரம்பு 90. கொஞ்சம் தாண்டிவிட்டது. 2021-ன் புதிய கணக்கில் வரம்பு 360. அதில் கால்வாசிதான்.

பெரும்பாலான பாட்டில்களில் உச்ச வரம்பைவிடக் குறைவாகவே இருக்கலாம். எல்லா நாளும் இப்படி எல்லாமும் சேர்ந்து வருவதும் இல்லை. அதனால் பீதி அடையக் காரணமில்லை. ஆனால் இந்தக் கணக்கை நான் சட்ட வரம்பை வைத்து ஊகமாகப் போட்டேன், உண்மை அளவை வைத்துப் போட முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மை அளவு தெரிந்தவர் தயாரிப்பாளர் ஒருவரே. 60 கிலோ எடையுள்ள அப்பா இதையே சாப்பிட்டால் வரம்புக்கு வெகுதூரம் கீழே நிற்பார். ஒரே பாட்டில், ஒரே டம்ளர். எடை குறையக் குறையக் கணக்கு மாறுகிறது. ஆகவே பென்சோயேட் விவாதம் உண்மையில் குழந்தைகளைப் பற்றிய விவாதம்.

ஓடி ஆடும் பிள்ளைகள்

பெற்றோர்கள் அதிகம் கேட்பது, 'இது பிள்ளையை அடங்காமல் துள்ள வைக்குமா?' என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஆதாரம் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. 2007-ல் லான்செட் இதழில் வெளியானது. மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேர், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் 144 பேர். சில வாரங்கள் செயற்கை நிறங்களும் 45 மி.கி. சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம், சில வாரங்கள் பார்க்கவும் ருசிக்கவும் அதே போன்ற வெறும் பானம். எதில் எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. கலவை குடித்த வாரங்களில் சராசரியாகத் துறுதுறுப்பும் கவனச்சிதறலும் சற்றுக் கூடின. எல்லாப் பிள்ளைகளிடமும் அல்ல. இரு வயதினரிடமும் ஒரே மாதிரியும் அல்ல.

குற்றவாளி நிறமா, பென்சோயேட்டா, இரண்டின் சேர்க்கையா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல், அந்த ஆய்வில் பயன்படுத்திய ஆறு நிறங்கள் உள்ள பண்டங்களில் 'குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்று அச்சிட உத்தரவிட்டது. பென்சோயேட்டுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறை 211 உண்டாக்குகிறது என்று யாராவது சொன்னால், அது ஆதாரத்தை மீறிய பேச்சு. என் அபிப்பிராயம் எளிமையானது: பளிச்சென்ற நிறமும் பென்சோயேட்டும் சேர்ந்த பானத்தால் பிள்ளைக்கு ஒரு சத்தும் கிடைப்பதில்லை. லாபமே இல்லாத இடத்தில் சின்னச் சந்தேகம்கூட நிறுத்திவிடப் போதுமான காரணம்.

தோல் விஷயம் இதைவிடத் தெளிவானது. சில குழந்தைகளுக்குச் சாஸ் சாப்பிட்டபின் உதட்டைச் சுற்றிச் சிவந்து தடித்து, அரை மணி ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கும். பென்சோயேட் தோலில் பட்டாலே சிலருக்கு இப்படி வரும். முழு அலர்ஜி அல்ல, தோலின் நேரடி எதிர்வினை. நாள்பட்ட அரிப்புத் தடிப்பு உள்ளவர்களிலும் ஆஸ்துமா உள்ளவர்களிலும் ஒரு சிறு பகுதியினருக்குப் பென்சோயேட் தொல்லையைத் தூண்டுவது உண்டு. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஊறுகாய், சாஸ், பாட்டில் பானம் சாப்பிட்ட நாள்களில் இரைப்பு கூடுகிறதா என்று ஒரு நோட்டில் எழுதி, அதை மருத்துவரிடம் காட்டலாம். தானாக ஒரு முடிவுக்கு வந்து இன்ஹேலரை நிறுத்திவிடக்கூடாது.

வைட்டமின் சி-யோடு சேரும்போது

பென்சோயேட்டைப் பற்றிய கவலைகளில் எனக்கு மிகவும் அழுத்தமாகப் படுவது இதுதான். ஏனென்றால் இங்கே பென்சோயேட் தானாகத் தீங்கு செய்யாமல், பாட்டிலுக்குள்ளேயே வேறொன்றாக மாறுகிறது.

ஒரே பானத்தில் பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் இருந்தால், தண்ணீரில் துளியளவு இருக்கும் இரும்பு, செம்பு அயனிகளின் உதவியோடு வைட்டமின் சி ஆக்சிஜனுடன் வினைபுரிந்து வீரியமான துணுக்குகளை உண்டாக்கும். அவை பென்சோயேட்டைத் தாக்கி அதன் ஒரு பகுதியை உடைத்துவிட, மிஞ்சுவது பென்சீன். ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை முதல் வகையில் வைத்திருக்கிறது. சூடும் வெளிச்சமும் இந்த மாற்றத்தை வேகப்படுத்தும்.

அமெரிக்காவில் 1990-லேயே இது தெரியவந்தது. தயாரிப்பாளர்கள் கலவையை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள். விஷயம் மறந்துபோனது. 2005-க்குப் பிறகு மறுபடி வெடித்தது. 2006-ல் பிரிட்டன் உணவுத் தர முகமை 150 பானங்களைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகக் குறைவு. நான்கில் மட்டும் குடிநீருக்கான உலக சுகாதார நிறுவன அளவான நூறு கோடியில் 10 பங்கைத் தாண்டியிருந்தது. அந்த நான்கும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பெரிய கம்பெனிகள் பல, ஒரு பானத்தில் இரண்டும் சேராதபடி கலவையை மாற்றின.

அளவை நேர்மையாகச் சொல்லவேண்டும். பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போதும், நெரிசல் சாலையில் மூச்சு விடும்போதும், சிகரெட் புகையிலும் நமக்குள் போகும் பென்சீனோடு ஒப்பிட்டால் ஒரு பாட்டிலில் வருவது சொற்பம். ஆனால் சாலைக் காற்றைத் தவிர்ப்பது கஷ்டம், இதைத் தவிர்ப்பது சுலபம்.

சுலபம் என்றாலும் நம் ஊர்ச் சூழல் அதற்கு எதிராக இருக்கிறது. வேலூரிலோ திருச்சியிலோ கத்திரி வெயிலில் ஒரு பெட்டிக்கடையைப் பாருங்கள். குளிர்பான டிரேக்கள் கடை வாசலில், தார்ச்சாலையை ஒட்டி, மேலே ஒரு மறைப்பும் இல்லாமல் அடுக்கியிருக்கும். டெலிவரி வண்டியின் தகரக் கூரைக்குக் கீழேயும் அதே சூடுதான். ஃப்ரிட்ஜுக்குள் போகும்முன் அந்தப் பிளாஸ்டிக் பாட்டில் எத்தனை நாள் வெயில் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. குளிர்ந்த நாடுகளில் நடந்த சோதனைகளின் ஆறுதலை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் கோடையில், நம் கடை வாசலில் எடுத்த பாட்டில்களை அரசு ஆய்வகங்கள் தொடர்ந்து சோதித்து முடிவை வெளியிடவேண்டும். வாங்குகிறவர் செய்யக்கூடியது: லேபிளில் 211-ம், வைட்டமின் சி-யின் எண்ணான 300-ம் சேர்ந்து இருந்தால், வெயிலில் கிடந்த பாட்டிலாக இருந்தால், அதை வாங்காமல் விடுவது. பழச்சாறு கலந்த பானம் என்றால் 300 அச்சாகாமலே வைட்டமின் சி இருக்கும்.

தராசு இல்லாத ஊறுகாய்

பெரிய கம்பெனியில் ஆய்வகம் இருக்கும். நம் ஊரில் ஊறுகாய், நன்னாரி சர்பத், பன்னீர் சோடா, சில்லி சாஸ் என்று விற்பதில் கணிசமான பங்கு சின்னத் தயாரிப்பாளர்களுடையது. வீட்டுத் தொழிலாகச் செய்யும் பெண்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், கல்யாண காண்டிராக்டர்களுக்கு வாளிக்கணக்கில் போட்டுக் கொடுப்பவர்கள். இவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. இவர்கள் கையில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்கிறேன்.

பத்து கிலோ எலுமிச்சை ஊறுகாய்க்கு, 250 பங்கு வரம்பின்படி சேர்க்கக்கூடிய சோடியம் பென்சோயேட் மூன்று கிராமுக்கும் சற்றுக் குறைவு. காய்கறித் தராசில் அதை நிறுக்க முடியாது. ஆகவே ஸ்பூன் கணக்கு வருகிறது. தட்டி நிரப்பினால் ஓர் அளவு, குவித்து அள்ளினால் ஓர் அளவு. மழைக்காலம் என்றால் 'கெட்டுப்போனால் முதலே போச்சு' என்ற பயத்தில் இன்னும் அரை ஸ்பூன். பொடியை நல்லெண்ணெயில் நேரடியாகத் தூவினால் கரையாது. ஒரே இடத்தில் கட்டியாக நின்றுவிடும். கொஞ்சம் வெந்நீரிலோ வினிகரிலோ கரைத்து ஊற்றிக் கிளறினால்தான் பரவும். கரைக்காமல் போட்டால் ஒரு பாட்டிலுக்கு நாலு பாட்டில் பங்கு போய்ச் சேரும், இன்னொன்று பூஞ்சை பிடிக்கும். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு இன்று நகைக் கடைக்காரர் கையில் மட்டும் இல்லை, சில நூறு ரூபாய்க்கு எங்கும் கிடைக்கிறது. குழுக்களுக்குக் கடன் கொடுக்கும்போதும் பயிற்சி கொடுக்கும்போதும் அதையும் ஒன்று கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல.

பழைய சட்டமே ஒரு நல்ல பாகுபாடு வைத்திருந்தது. உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், மசாலாப் பொருள், சமையல் எண்ணெய் ஆகியவை முதல் வகைப் பதப்பொருள்கள். ரசாயனங்கள் இரண்டாம் வகை. நம் பாட்டிமார் அறிந்தது முதல் வகை முழுக்க. மாங்காயைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, உப்பில் ஊறவைத்து, காயம் கடுகு மிளகாய் போட்டு, காய்ச்சி ஆறிய எண்ணெய் மேலே ஒரு விரற்கடை நிற்கும்படி ஊற்றி, ஈரக்கரண்டி படாமல் பார்த்துக்கொண்டார்கள். நீர் வற்றுவதும், உப்பும், காற்றைத் தடுக்கும் எண்ணெயும்தான் அங்கே காவல். இதில் ரத்த அழுத்தக்காரர்களுக்கு உப்பு ஒரு தனிக் கேடு, அதையும் மறுக்கமுடியாது. ஆனால் கடை ஊறுகாயில் பலவற்றில் உப்பும் குறையவில்லை, எண்ணெயும் ஈரமும் மட்டும் ஒழுங்காக இல்லை. அந்தக் குறையைப் பென்சோயேட் ஈடுகட்டுகிறது. வாஷிங்டன் கெச்சப் கதைதான் இங்கேயும் நடக்கிறது.

ஒரு வரிசை போதும்

இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள், சேர்க்கைப் பொருளின் வகையையும் பெயரையும் அல்லது எண்ணையும் அச்சிடச் சொல்கின்றன. அளவைக் கட்டாயமாக்கவில்லை. அதே லேபிளில் நூறு கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு சோடியம், எவ்வளவு கொழுப்பு என்று ஏற்கெனவே ஒரு அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையில் 'பென்சோயேட், மி.கி.' என்று இன்னொரு வரிசை சேர்க்க எந்தக் கம்பெனிக்கும் புதிய ஆய்வகம் தேவையில்லை. எவ்வளவு கொட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாது என்றால் அவர்கள் விற்கவே கூடாது.

'சிக்கலான தகவல், மக்களுக்குப் புரியாது' என்ற பதில் வரும். மருந்துச்சீட்டில் 5 மில்லி என்று எழுதினால் மூடியில் அளந்து ஊட்டும் தாய்க்கு, ரேஷன் கடைத் தராசைக் கண்ணால் சரிபார்க்கும் தாய்க்கு, இரண்டு பாட்டில் எண்களைக் கூட்டத் தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். அளவு அச்சில் வந்தால் இரண்டு சாஸ் பாட்டிலில் குறைவாக உள்ளதை எடுக்கலாம். பள்ளிக் கேன்டீன் ஓர் உச்சவரம்பு வைக்கலாம். குழந்தை மருத்துவர் 'இதற்கு மேல் வேண்டாம்' என்று எண்ணோடு சொல்லலாம். தயாரிப்பாளர்களுக்கிடையே யார் குறைவாகப் போடுகிறார் என்ற போட்டியும் தானாக வரும்.

லேபிள் விதிகளைத் திருத்தும்போதெல்லாம் ஆணையம் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. அந்த நேரத்தில் தொழில் சங்கங்களின் கடிதங்கள் தவறாமல் போய்ச் சேருகின்றன. பெற்றோர் ஆசிரியர் கழகங்களும், குழந்தை மருத்துவர் சங்கங்களும், நுகர்வோர் அமைப்புகளும் அடுத்த வரைவு வரும்போது இந்த ஒரு வரிசையைக் கேட்டு எழுதவேண்டும். அதுவரை, ஆறு மாதக் குழந்தைக்குப் பாட்டில் பானம் எதுவும் வேண்டாம். பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தினசரி என்பதை வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். சாஸை ஊற்றாமல் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயிலில் அடுக்கிய டிரேயிலிருந்து எடுத்துத் தந்தால், வேண்டாம் என்று கடைக்காரரிடம் காரணத்தோடு சொல்லுங்கள்.